மணல் கொல்லையில் விளையும் காரம்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலையில், அகஸ்தியம்பள்ளிப் பக்கம் கண்ணில் படுவது உப்பளம். வடக்கே செம்போடை, நாலுவேதபதி என்று திரும்பினால் மணல்மேட்டில் புகையிலைக் கொல்லை. தஞ்சைச் சீமையென்றால் நெல்தான் என்று நினைப்பவர்கள் இங்கே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர் ஏது? மழைநீர் உப்புநீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கி அதன்மேல் மிதந்து நிற்கும். சில அடி தோண்டினால் தித்திப்பு, பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் உவர்ப்பு. அந்த மேலாப்புத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு செடிசெடியாக ஊற்றி வளர்த்த பயிர் இது.

விதையைப் பார்த்தால் நம்ப முடியாது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மூக்குப்பொடி போலிருப்பதால் கையில் அள்ளித் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும்; மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் பட வேண்டும். பூவாளியால் ஈரம் காத்தால் 40, 45 நாளில் நாற்று தயார். மழை ஓய்ந்ததும் நடவு, வெயில் ஏறும்போது அறுவடை.

விதையில் நிகோடின் இல்லையென்றே சொல்லலாம். அது உருவாவது வேரில்; அங்கிருந்துதான் இலைக்கு ஏறுகிறது. பூச்சி கடிக்காமலிருக்கச் செடி செய்துகொண்ட விஷம் அது. (புரோடீனியா போன்ற சில புழுக்கள் அதைப் பொருட்படுத்தாமல் இலையைத் தின்கின்றன!) மொட்டு கட்டியதும் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். பூவுக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும், வேர் இன்னும் பரவும், காரம் கூடும். செடி விடாமல் கணுவுக்குக் கணு பக்கச் சிம்பு விடும். அதையும் ஒடிக்க வேண்டும். ஆக, புகையிலைக்காரர் வேலையில் பாதி, செடியைப் பூக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

விதைக்கென்று நாலைந்து நல்ல செடியை மட்டும் கிள்ளாமல் விடுவது உண்டு. பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டினால் பக்கத்து ரகத்தோடு கலக்காது. காய் பழுப்பேறியதும் பறித்து உதிர்த்தால், ஒரே செடியில் லட்சம் விதைக்கு மேல் தேறும்.

வீட்டுத் தோட்டத்தில் ஆசைக்கு ஒன்றிரண்டு வைப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று: பனி ஈரம் காயாத இலையை வெறுங்கையால் தொட்டால் நிகோடின் தோல் வழியாகவே ஏறும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். மெல்லுவதன் விளைவு அதைவிட மோசம். வாய்ப்புற்றுநோய்க்கு மெல்லும் புகையிலை காரணமென்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட ஒன்று.

இந்த ஊரின் இரண்டு விளைபொருளையும் சர்க்கார் ஒரே சட்டத்தில் கட்டிப்போட்டதும் உண்டு. 1930-ல் ராஜாஜி உப்பெடுத்த மண் இது. அதற்குப் பதினாலு வருஷம் கழித்து வந்த மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம், உப்போடு புகையிலைக்கும் வரி போட்டது. 2013-ல் குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தமிழக அரசு தடை விதித்தது. கொல்லையில் நிற்கிற செடியை அந்தத் தடை தொடவில்லை.