பச்சையாகிப்போன மீன்குட்டையை மறுபடி தொடங்குவது

மாசி கழிந்தால் போதும், மீன்குட்டை வைத்திருக்கும் தோழர்களிடமிருந்து இதே கேள்வி வந்துவிடும்: "தண்ணி சாயம் கரைச்ச மாதிரி பச்சையாயிடுச்சு, என்ன போடலாம்?" போடுவதற்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே அதிகமாகப் போய்ச் சேர்ந்ததை எடுக்கிற வேலைதான் இருக்கிறது.

கடைக்காரர் மயில்துத்தத்தைக் காட்டுவார். "கரைச்சு விடுங்க சார், மூணே நாள்ல தெளிஞ்சிடும்." தெளியும், பொய்யில்லை. செத்த பாசி அடியில் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்; விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். செம்பு சேற்றில் தங்கிவிடும். பாசிக்குள் இருந்த சத்து தண்ணீருக்கே திரும்பும். பிறகென்ன, அடுத்த பாசி.

அந்தச் சத்தில் முக்கியமானது பாஸ்பரஸ். 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, 226ஆம் எண் ஏரியைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒன்றில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பாதி மட்டும் பச்சைப்பசேல் என்று ஆனது. நைட்ரஜன் குறைந்தால் நீலப்பச்சைப் பாசியில் பல வகைகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். நம் அசோலா இலைக்குள் குடியிருக்கும் அனபீனா அந்தக் குடும்பம்தான். பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க முடியாது. அது மண்ணோடும் சாணத்தோடும் தீவனத்தோடும்தான் குட்டைக்குள் வருகிறது. மேல்வயலின் டிஏபியா, நம் தொழுவத்துச் சாணமா என்று பாசி பார்ப்பதில்லை. இயற்கை உரம்தானே என்று குட்டையில் கூடை கூடையாகச் சாணம் கொட்டுவதை நம் ஆட்கள் விட வேண்டும்.

எங்கள் குட்டை 5 சென்ட். நிலத்தை வாங்கியபோதே, காற்று ஒதுக்கும் கரையில் நீலப்பச்சை ஆடை பெயின்ட் கொட்டியதுபோல் நாறிக் கிடந்தது. இவ்வகைப் பாசிகளில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சை விடும். குடித்த மாடு செத்துப்போகவும் கூடும். எங்கள் மாடுகளுக்கு அந்தத் துறைதான் வழி. அதனால் பங்குனியில் முழுவதும் இறைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கோடையில் கையிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றுவதா என்று வீட்டில் பெரிய சண்டை. கிணறு இருந்த தைரியம்தான். வேறு தண்ணீர் இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம். குட்டை தானாக வற்றும் வருஷத்துக்கு இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்.

இறைத்த தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் போனது. கீரைப் பாத்திக்கு விடவில்லை. ஜிலேபிக் கெண்டை ஒன்றுகூட மிஞ்சாமல், தரை வெடிக்கும்வரை சித்திரை வெயிலில் காயவிட்டோம். பிறகு மேலிருந்த அரையடிக் கறுப்பு வண்டலை வாரினோம். 5 சென்ட்டுக்குக் கிட்டத்தட்ட பத்து டிராக்டர் லோடு. வருஷக்கணக்காகக் குட்டையில் வரவு மட்டுமே வைத்த பாஸ்பரஸ் இதில்தான் இருக்கிறது. வயலுக்கு அது சொத்து. அடியிலுள்ள களிமண்ணை மட்டும் தோண்டிவிடாதீர்கள், தண்ணீர் நிற்காது. காய்ந்த தரையில் 5 கிலோ சுண்ணாம்பு தூவினோம். மண் ஏற்கெனவே சுண்ணாம்புப் பாங்காக இருந்தால் அதுவும் தேவையில்லை.

அடுத்தது வாசலை அடைப்பது. இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பாஸ்பரஸ் பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டுதான் ஓடிவருகிறது. மேல்வயல் தண்ணீர் இறங்கும் இடத்தில் எட்டடிக்கு ஆறடி குழி எடுத்து, ஓரமெல்லாம் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தோம். கலங்கல் அங்கே படிந்து, தெளிந்தது மட்டும் குட்டைக்குப் போகிறது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் குழியைத் தூர்வார வேண்டும்.

ஐப்பசி மழையில் குட்டை நிறைந்தது. உடனே மீன் விடவில்லை. நல்ல குட்டை ஒன்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அதிலுள்ள தெள்ளுப்பூச்சி போன்ற நுண்ணுயிர்கள் பாசியை மேய்பவை; அவை பெருகுமுன் குஞ்சு விட்டால் மீன் அவற்றைத் தின்று தீர்த்துவிடும். முதல் சில வாரம் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மயில்துத்தத்துக்கு ஓடக்கூடாது.

பிறகு கட்லா, ரோகு, வெள்ளிக் கெண்டை எல்லாம் சேர்த்து நூறு குஞ்சுகள். சாதா கெண்டை விடவில்லை, அது சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். புல் கெண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன். தின்றதில் பெரும்பகுதியைச் சாணியாகத் தண்ணீரிலேயே விடும். ஓரமாக மூங்கில் சட்டத்துக்குள் அசோலா மிதக்கிறது. அது பாஸ்பரஸை உறிஞ்சி வளரும், அள்ளி மாட்டுக்குப் போட்டால் கணக்கில் ஒரு செலவு எழுதிய மாதிரி. சட்டத்தை விட்டுப் பரவவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும்.

தண்ணீரைப் பார்க்க ஒரு குச்சி போதும். நுனியில் வெள்ளைத் தட்டு கட்டி இறக்குங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் நல்லது. 20க்குள்ளேயே மறைந்தால் தீவனத்தை நிறுத்திவிட்டு, விடியுமுன் ஒருமுறை குட்டைக்குப் போய் மீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வடமேற்கு மூலையில் நூல்பாசி இன்னும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. மூங்கிலில் சுற்றி இழுத்து உரக்குழியில் போட்டுவிடுகிறோம்.