மால்வணில் முதல் முழுக்கு

புனேக்குக் கடல் இல்லை. ஆயினும் அக்டோபர் முதல் மே வரை, தொடர் விடுமுறை வந்தால் இங்கிருந்து பலர் கொங்கண் கரைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களுள் ஸ்கூபா ஆர்வலர்கள் நாடுவது சிந்துதுர்க் மாவட்டத்து மால்வணையும் அதனை அடுத்த தார்கர்லியையும். 1664ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை, மால்வண் கரைக்கு எதிரே கடல் நடுவே நிற்கிறது. அதன் அருகிலுள்ள பாறைகளிடையே வண்ண மீன்கள் திரியும் காட்சி, முதன்முறை காண்பவரை மெய்மறக்கச் செய்யும்.

மெய்மறக்கலாம், மூச்சை மட்டும் மறக்கலாகாது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் மூச்சை அடக்கியே மூழ்கினர். ஸ்கூபாவின் முதல் விதி அதற்கு நேர்மாறானது: எக்கணத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. வணிகவியல் பட்டதாரிக்கும் விளங்கும் கணக்குதான் இது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. அந்த ஆழத்தில் உருளையிலிருந்து நுரையீரலில் நிரப்பிய காற்று, மேலே வருகையில் இரு மடங்காக விரியும். அதனை வெளிவிடாமல் ஏறினால் நுரையீரல் கிழியக்கூடும். முத்துக் குளித்தோர் மேலே இழுத்த காற்றையே கொண்டு இறங்கியதால் அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

காதுகளும் அழுத்தத்தை உணரும். வலி தொடங்குமுன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நலம்.

பயிற்றுநர் உடன்வர, படகிலிருந்து இறங்கிச் சில நிமிடங்கள் சுற்றிவரும் அறிமுக முழுக்கு மலிவானது. நீச்சல் அறியாதோரும் செல்கின்றனர். தார்கர்லியில் மகாராஷ்டிரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பயிற்சி நிலையம் உள்ளது. அங்கே பயிற்சிக் குளமும் உண்டு. 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். செலவு கூடினாலும் குளத்தில் பழகிய பின் கடலுக்குச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஆஸ்துமா, இதய நோய் குறித்து எதுவும் கேளாமல் உருளையை முதுகில் மாட்டுபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

விபத்துக் காப்பீடு வைத்திருப்போர் விலக்குப் பகுதியை வாசிப்பது அவசியம்; சாகச விளையாட்டுகள் பல காப்பீடுகளில் அடங்குவதில்லை.

திரும்பும் பயணத்தையும் திட்டமிடுங்கள். புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. வழியில் மலைப்பாதை ஏற வேண்டும். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும் வாய்ப்பு உண்டு. பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். காரில் திரும்புவோரும் அன்றிரவு மால்வணிலேயே தங்கி, மீன் குழம்புச் சோறு உண்டு, மறுநாள் கிளம்பலாம்.