பிள்ளைக்கு ஐபேட் பாடம்: காசு கட்டும் முன் நாலு கேள்வி

பிள்ளைக்கு ஒரு கற்றல் செயலி எடுக்க வேணும் என்று தேடினால் நூறு வந்து நிற்கும். எல்லாவற்றிலும் வண்ணப் படம், பாட்டு, நட்சத்திரம். என் மகளுக்காக மூன்றின் இலவசக் காலத்தைப் பாவித்துப் பார்த்ததில், கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான் என்று பட்டது.

முதலாவது, ஐபேடை மூடின பிறகு பிள்ளைக்கு என்ன தெரியும்? நாலு படத்தில் ஒன்றைத் தொடுவது சுலபம். அதே சொல்லைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், அல்லது கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அது வெறும் விளையாட்டு.

இரண்டாவது, எந்தத் தமிழ்? "நான் செல்கிறேன்" என்று செயலி சொல்லித் தருகிறது. வீட்டிலோ "நான் போறன்". மகள் செயலித் தமிழில் கதைத்தபோது அம்மம்மா செல்லமாகத்தான் சிரித்தா. ஆனால் பிள்ளை அதற்குப் பிறகு இரண்டு கிழமை போனில் இங்கிலிஷில் மட்டும்தான் பதில் சொன்னாள். பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் பிரித்துக் காட்டாத சேவையென்றால், அந்த வேலை உங்களுடையது. "இது புத்தகத் தமிழ், இது வீட்டுத் தமிழ்" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, காசு எப்படிப் போகும்? இலவசக் காலம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்கும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது; ஐபேடின் செட்டிங்ஸில் போய், காலம் முடிய ஒரு நாளைக்கு முன்பே நிறுத்த வேணும். வருடச் சந்தா மலிவாகத் தெரிந்தாலும் முதலில் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள்.

நாலாவது, பிள்ளையைப் பற்றி என்ன கேட்கிறார்கள்? அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோரின் சம்மதம் வேணும் என்று 1998-இலேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்துப் பழக்குகிற செயலிக்கு முழுப் பெயரும் படமும் இருப்பிடமும் எதற்கு?

இலவசமாகக் கிடைப்பதையும் முதலில் பாருங்கள். கான் அகாடமி கிட்ஸ் 2 முதல் 8 வயது வரையான பிள்ளைகளுக்கு. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் அதில் தமிழ் இல்லை. தமிழுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள், தரவிறக்கி அச்சடிக்கலாம்.

நேரத்துக்கும் ஒரு கணக்கு வேணும். 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல்.

எங்கள் வீட்டில் இப்போது சந்தா ஏதும் இல்லை. இரவில் ஒரு ஸ்டோரிவீவர் கதையை நானும் மகளும் மாறி மாறி வாசிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதை அவள் அம்மம்மாவுக்குச் சொல்லுவாள், வீட்டுத் தமிழில்.