எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?

2005 ஏப்ரல் கடைசி. பிரிட்டனில் பொதுத்தேர்தலுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. பிபிசியின் 'கொஸ்டின் டைம்' நிகழ்ச்சியில் பிரதமர் டோனி பிளேரை ஒரு பெண் மடக்கினார். ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார் டாக்டர். ஆனால் அந்தத் தேதிக்கு இப்போதே அப்பாயின்ட்மென்ட் தர முடியாது என்கிறார்கள். இரண்டு நாளைக்கு மேல் முன்பதிவே கிடையாதாம். பிளேருக்கு இது புதுச் செய்தி, முகத்திலேயே தெரிந்தது. எங்களுக்கும் இதே கதைதான் என்று அரங்கில் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்பது பிளேர் அரசே வைத்த இலக்கு. கிளினிக்குகள் பல அதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தன. இரண்டு நாளைக்கு அப்பால் தேதியே கொடுக்காவிட்டால் கணக்குப்படி யாரும் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்கவில்லை! காலையில் போன் லைன் திறந்ததும் முண்டியடிக்க வேண்டியது நோயாளியின் பாடு.

இந்த இலக்குக்குப் பின்னால் பணமும் இருந்தது. அப்போது பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்ல. தேசிய சுகாதாரச் சேவையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சொந்தமாகக் கிளினிக் நடத்தியவர்கள். பெரும்பாலும் பதிவேட்டில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்தே அவர்களுக்குப் பணம் வந்தது. நோயாளியை நன்றாகப் பார்த்தாலும் ஏனோதானோவென்று பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே தொகை. இதை மாற்றத்தான் 2004 ஏப்ரலில் புள்ளித் திட்டம் வந்தது. மொத்தம் 1,050 புள்ளிகள்; முதல் ஆண்டில் ஒரு புள்ளிக்குச் சுமார் 75 பவுண்டு, அடுத்த ஆண்டில் சுமார் 120. சர்க்கரை நோயாளியின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, ஆஸ்துமா நோயாளியை ஆண்டுக்கொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார்களா என்று 146 அளவுகோல்கள். அந்த 48 மணி நேர விவகாரத்துக்கு 50 புள்ளிகள்.

கிளினிக்குகள் முக்கால்வாசிப் புள்ளிகள் எடுக்கும் என்று அரசு மதிப்பிட்டிருந்தது. முதல் ஆண்டிலேயே சராசரியாக 91 சதவீதம் வாங்கிவிட்டார்கள். டாக்டர்கள் கெட்டிக்காரர்களா, கேள்வித்தாள் சுலபமா என்ற பட்டிமன்றம் நெடுநாள் ஓடியது. 2009-இல் வந்த விரிவான ஆய்வு ஒன்றின் முடிவு கலவையானது: ஆஸ்துமா, சர்க்கரை நோய்ச் சிகிச்சை சிறிது காலம் வேகமாக மேம்பட்டது, பிறகு வேகம் குறைந்தது. ஆஸ்துமாவிலும் இதய நோயிலும் புள்ளி ஒதுக்கப்படாத வேலைகளின் தரம் சரிந்தது. ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. குடும்ப மருத்துவரில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குப் பொருளே அந்தத் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

சரி, நோயாளியின் கருத்து? அதற்கும் இடம் இருந்தது, சற்று விநோதமாக. தொடக்கத்தில் கருத்துக்கணிப்பு நடத்தி, முடிவுகளைப் பரிசீலித்தால் 70 புள்ளிகள் வரை கிடைக்கும். மக்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது பொருட்டில்லை. 2007-இல் அரசே ஒரு ஆய்வு நிறுவனத்தின் வழியாக நோயாளிகளுக்குக் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. 2009-இல் அந்தப் பதில்களே புள்ளிகளாயின. 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிந்ததா, முன்கூட்டியே பதிவு செய்ய முடிந்ததா என்ற இரண்டு விஷயங்களுக்கு 58.5 புள்ளிகள். பிளேரை மடக்கிய கேள்வி, நான்காண்டு கழித்துப் படிவத்தில் ஏறிவிட்டது.

மருத்துவர்கள் கொதித்தார்கள். யாரோ நூறு பேர் போட்ட டிக்கை வைத்து வருமானத்தை வெட்டுவதா, இது குலுக்கல் சீட்டு என்றார்கள். ஆனால் அதே ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இந்தக் கேள்விகளைப் பொறுத்தவரை கிளினிக்குகளுக்கு இடையே தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் நம்பத்தக்கதே என்றது. ஆனாலும் 2011-இல் அரசு அந்த இரண்டு அளவுகோல்களையும் கைவிட்டது.

இங்கே நுணுக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2010-இல் அதே இதழில் வெளியான இன்னொரு ஆய்வு, 'மொத்தத்தில் திருப்தியா?' என்ற கேள்விக்கு வரும் பதில்கள் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று பிரித்துப் பார்த்தது. அந்த வேறுபாட்டில் கிளினிக்கைச் சார்ந்த பங்கு 5 சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் பதில் சொல்பவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடும் தற்செயலான ஏற்ற இறக்கமும்தான். ஆனால் 'எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?' என்று கேட்டால் கிளினிக்கின் பங்கு சுமார் 20 சதவீதமாக உயர்கிறது. நடந்ததைக் கேட்டால் கிளினிக்கைப் பற்றி ஓரளவு தெரியும். பிடித்ததா என்று கேட்டால் கேட்கப்பட்டவரைப் பற்றித்தான் அதிகம் தெரியும்.

திருப்தியைத் துரத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி போடாத டாக்டரை நம்மூரில் யார் மதிக்கிறார்கள்? இங்கிலாந்தில் ஊசிக்குப் பதில் ஆன்டிபயாட்டிக். அங்குள்ள 7,800 கிளினிக்குகளை ஆராய்ந்து 2016-இல் வந்த கட்டுரை, ஆன்டிபயாட்டிக்கைக் குறைவாக எழுதும் கிளினிக்குகளுக்கு நோயாளிகள் போடும் மதிப்பெண்ணும் சற்றுக் குறைவு என்று காட்டியது. சளிக்கு மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் சரியான வேலையைத்தான் செய்கிறார். திருப்திக்குக் காசு என்றால் அந்த நேர்மைக்கு அவர் கைக்காசைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

புள்ளித் திட்டத்தை ஸ்காட்லாந்து 2016-இல் ஒழித்தது; இங்கிலாந்தில் அது மெலிந்துபோய் நீடிக்கிறது. கருத்துக்கணிப்பும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2024-இல் படிவம் கிடைத்தவர்களில் சுமார் 27 சதவீதத்தினர் பதில் அளித்தார்கள்.

அந்தக் கணிப்பில் தெற்காசியப் பின்னணி கொண்டவர்கள் வெள்ளையரைவிடக் குறைந்த மதிப்பெண் போடுவது வழக்கம். அவர்களைத் திருப்திப்படுத்துவது கஷ்டம் என்று அதற்கு ஒரு சமாதானமும் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். நடிகர்களை வைத்து எடுத்த மருத்துவ ஆலோசனை வீடியோக்களை, பாகிஸ்தானியப் பின்னணி கொண்டவர்களும் வெள்ளை பிரிட்டிஷாருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டுக்காட்டினார்கள். அதே வீடியோவுக்குப் பாகிஸ்தானியர்கள்தான் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். அப்படியானால், நிஜக் கிளினிக்கில் அவர்கள் போட்ட குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் அவர்களுடைய எதிர்பார்ப்பு என்று இனிச் சொல்ல முடியாது.