மறைத்து வைத்த மூன்று விகலை

1793ஆம் ஆண்டின் குளிர்காலம். பார்சிலோனா நகரின் ஒரு விடுதியில் தங்கி, இரவெல்லாம் விண்மீன்களை அளந்துகொண்டிருந்தார் பிரெஞ்சு வானியலாளர் பியர் மெஷான். கணக்கை முடித்தபோது அவருக்கு நெஞ்சு பதறியது. முந்தைய குளிர்காலத்தில் மோன்ஜுயிக் குன்றில் எடுத்த அட்சரேகை அளவோடு இது ஒத்துவரவில்லை. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கழித்த பிறகும் மூன்று விகலைக்குச் சற்றே மேலாக உதைத்தது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் விகலை. தரையில் பார்த்தால், மூன்று விகலை என்பது இன்றைய கணக்குக்குச் சுமார் நூறு மீட்டர்.

மீட்டர் என்ற அளவையே உருவாக்கத்தான் அவர் அங்கே போயிருந்தார்.

அன்றைய பிரான்சில் ஊருக்கொரு முழம், சந்தைக்கொரு படி. பெரும்பாலும் அடிபட்டவர்கள் ஏழை விவசாயிகள். எந்த மன்னனுக்கும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஓர் அளவை பூமியிடமிருந்தே எடுப்பது என்று 1791இல் முடிவானது. பாரிஸ் வழியாக வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை செல்லும் தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் மீட்டர். அதற்காக டன்கர்க் முதல் பார்சிலோனா வரை நிலத்தை அளக்க 1792இல் இருவர் கிளம்பினார்கள். வடக்கே டெலாம்பர், தெற்கே மெஷான். கோயில் கோபுரம், மலையுச்சி என்று மூன்று மூன்று புள்ளிகளாக எடுத்து, கோணங்களை அளந்து, முக்கோணச் சங்கிலி கோத்தார்கள். புரட்சியும் போரும் குறுக்கிட, வேலை முடிய ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டதால், கோட்டை இருந்த மோன்ஜுயிக்குக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க மெஷானுக்கு வழியில்லை. அந்த முரண்பாட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை. 1799இல் பிளாட்டினத்தால் செய்த மீட்டர் கோல் ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஊரே பாராட்டியது. அவர் மட்டும் உள்ளுக்குள் புழுங்கினார். அளவைப் பணியை நீட்டிக்க மீண்டும் ஸ்பெயினுக்குப் போனவர், 1804இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார்.

அவருடைய குறிப்பேடுகள் டெலாம்பர் கைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. எண்கள் திருத்தப்பட்டிருந்தன. முரண்பாட்டைத் தன் நூலில் வெளியிட்ட டெலாம்பர், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும் என்று அந்தத் தாள்களை பாரிஸ் வானாய்வகத்தில் ஒப்படைத்தார்.

மெஷான் கவனக்குறைவானவர் அல்லர். கருவியின் தேய்மானம்தான் எண்ணை நகர்த்தியிருக்க வேண்டும் என்று பின்வந்தவர்கள் கணித்தார்கள். ஒரே கருவியால் ஆயிரம் தடவை அளந்தால் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். அதனாலேயே அவை உண்மைக்கும் நெருக்கம் என்று ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை அன்றைய அறிவியல் இன்னும் தெளிவாகப் பிரித்தறியவில்லை. மீட்டர் கோல் இருக்க வேண்டிய நீளத்தைவிட 0.2 மில்லிமீட்டர் குறைந்துபோனதற்கு முக்கியக் காரணமும் வேறு: பூமி எவ்வளவு தட்டையானது என்று அவர்கள் போட்ட கணக்கு பிசகியது.

பூமியை நம்ப முடியாது என்று தெரிந்ததும் அறிவியல் உலோகக் கோலுக்குப் போனது. 1983இல் ஒளியின் வேகத்துக்கு வந்தது. ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்துக்குள் வெற்றிடத்தில் ஒளி கடக்கும் தூரமே இன்றைய மீட்டர். முந்தைய அளவில் இருந்த குறையை ஒப்புக்கொண்டதால்தான் ஒவ்வொரு அடியும் முன்னால் போனது.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பதற்காக விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதியவர்களில் நானும் ஒருவன். வகுப்பில் பலரும் அப்படித்தான் செய்தோம். 9.3 என்று வந்ததை அப்படியே எழுதிய தோழிக்கு மதிப்பெண் குறைந்தது. நூலின் நீளத்தைத் தவறாக எடுத்தாளா, அலைவுகளை எண்ணியதில் பிசகா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் இயற்பியல் இருந்தது.

ஆசிரியர்களே, 9.3 என்று எழுதிவரும் பிள்ளையை இந்த ஆண்டாவது பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் என்று கேளுங்கள்.