எதிர்க்காற்றில் ஏறும் படகு

கெட்டிக்காரப் பிள்ளைகளே, ஆடி ஆவணியில் அப்புத்தளைப் பக்கம் அடிக்கிற காற்று தெரியும்தானே? குடையைத் திருப்பிப்போடும். ஆனால் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைத் தருவதும் அதுதான்!

"காற்று தள்ளுகிற பக்கம் பாய்மரப் படகு போகும். திரும்பி எப்படி வரும் மாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். சபாஷ், நல்ல கேள்வி!

லிப்டன் சீட் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த லொறியும் மலையில் நேரே ஏறாது. இந்தப் பக்கம் கொஞ்சம், வளைவு, அந்தப் பக்கம் கொஞ்சம். படகும் அப்படித்தான். எதிர்க்காற்றுக்குச் சாய்வாக, செங்கோணத்தில் பாதியளவு விலகி, வளைந்து வளைந்து ஏறும்.

சரி, பக்கத்திலிருந்து வரும் காற்று படகை எப்படி முன்னே தள்ளும்? வழுக்கும் மாங்கொட்டையை இரு விரலால் நசுக்குங்கள். விசுக்கென்று முன்னே பாயும்! ஒரு விரல் பாயில் மோதும் காற்று. மற்றது, படகின் அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டையைத் தாங்கும் தண்ணீர். ஏரா இல்லாவிட்டால் நூலறுந்த பட்டம் மாதிரிக் காற்றோடு போய்விடும். புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு மாம்பழம் சாப்பிடுங்கள்.

குடும்பத்தோடு கடலில் போகப் படகு தேடுகிறவர்கள் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஏன்? பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துச் சிரட்டையை மிதக்கவிடுங்கள். உள்ளே நடுவில் கூழாங்கல் வைத்துத் தட்டினால், ஆடிவிட்டு நிமிரும். கல்லை விளிம்புக்கு நகர்த்துங்கள், கவிழ்ந்துவிடும். பாரம் கீழே, நடுவில் இருக்கவேண்டும்.

பாயும் அளவாக இருக்கவேண்டும். காற்று ஏறினால் அதை ஒருவரே சுருக்க முடியவேண்டும். மற்றவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்களே! முதலில் குளத்தில் அரைநாள் பழகி, பிறகு கரையோரம். உயிர்காப்புச் சட்டை எப்போதும் உடம்பில்.

இப்படிச் சின்னப் படகில் எவ்வளவு தூரம் போகலாம்? ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகில் உலகைச் சுற்றினார். ஏறக்குறைய மூன்று லயக் காம்பரா நீளம், அவ்வளவுதான்! பின்பு அவர் மனம் நம் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலில் விழுந்தது. அது சுமார் 89 அடி. வாங்கி, மனைவி புளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

கரையில் நின்ற அமெரிக்கப் பிள்ளைகளும் "எப்படி மாமா?" என்று கேட்டிருப்பார்கள். அங்கே மாங்கொட்டைக்கு எங்கே போவது!