தட்டிப் பார்க்க முடியாத பானை!

மண்பானை வாங்கப் போகிறவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். "டங்" என்று கேட்டால் நல்ல பானை. "டப்" என்றால் எங்கோ விரிசல்!

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப்பை எப்படித் தட்டிப் பார்ப்பது?

சிப் என்பது நகத்தளவு சிலிக்கான் துண்டு. 1971-ல் வெளிவந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 மின் சுவிட்சுகள் இருந்தன. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் 16. இப்போது ஆயிரம் கோடி சுவிட்சுகளுக்கு மேல் உள்ள சிப்புகள் வந்துவிட்டன. கால்கள்? சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம்!

தயாரிக்கும்போது ஒரு தூசி விழுந்தால் போதும். உள்ளே ஒரு கம்பி அறுந்துவிடும். அல்லது பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிப், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிக்குள் போய்ச் சேர்ந்தால்? உயிருக்கே ஆபத்து! தொழிற்சாலையிலேயே அதைப் பிடித்துவிட வேண்டும்.

584 ஆண்டுகள்!

சிப்புக்குத் தெரிந்த இலக்கங்கள் இரண்டே. 0, 1. இப்படி 32 இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைக் கூட்டும் பகுதி ஒன்று. அதில் எல்லாக் கணக்குகளையும் போட்டுப் பார்த்தால் என்ன? வினாடிக்கு 100 கோடி கணக்கு போட்டாலும் முடிக்க 584 ஆண்டுகள் ஆகும்!

எல்லாக் கணக்கும் தேவையில்லை. எந்தக் கணக்கைப் போட்டால் எந்தக் கம்பியின் குறை வெளிப்படும் என்று கண்டுபிடிக்கும் முறையை, ஐ.பி.எம். கம்பெனியின் பால் ராத் 1966-ல் வெளியிட்டார்.

அதிலும் ஒரு சிக்கல். சிப்புக்குள் "நினைவு அறைகள்" ஏராளம். முந்திய விடையை வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலை நடக்கும். எந்த அறையில் 0, எந்த அறையில் 1 என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

கை கோர்த்த அறைகள்

சிப்பைச் செய்து முடித்தபின் யோசித்துப் பயன் இல்லை. வரைபடம் போடும்போதே சோதனைக்கும் வழி வைக்க வேண்டும்! அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து 1973-ல் இந்த யோசனை வந்தது. ஐ.பி.எம். கம்பெனியின் எட்வர்டு ஐக்கல்பெர்கர், தாமஸ் வில்லியம்ஸ் இருவரும் 1977-ல் அதற்குக் கண்டிப்பான விதிமுறைகளை வகுத்துக் கொடுத்தார்கள்.

அந்த வழி இதுதான்.

சாதாரண நேரத்தில் நினைவு அறைகள் தத்தம் வேலையைப் பார்க்கும். "சோதனை" என்று ஒரு கம்பியில் சைகை கொடுத்ததும் எல்லா அறைகளும் கை கோர்த்து ஒரே வரிசையாக நிற்கும். தீ அணைக்க வாளியைக் கைக்குக் கை மாற்றுவார்கள் அல்லவா? அதேபோல ஒரு காலின் வழியாக உள்ளே விடும் 0, 1 இலக்கங்கள் அறை அறையாக நகர்ந்து போகும்.

வரிசை நிரம்பியதும் சைகையை நிறுத்துவார்கள். சிப் ஒரே ஒரு துடிப்பு நேரம் தன் வேலையைச் செய்யும். விடைகள் அறைகளில் விழும். மறுபடியும் சைகை! இன்னொரு கால் வழியாக விடைகள் வரிசையாக வெளியே வரும். அவை வெளியே வரும்போதே அடுத்த கணக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். நேரமும் மிச்சம்! ஓர் இலக்கம் தப்பினாலும் அந்தச் சிப் கழிக்கப்படும்.

இது இலவசமாகக் கிடைப்பதல்ல. கூடுதல் சுவிட்சுகள் இடத்தை அடைத்துக்கொள்ளும். வேகமும் கொஞ்சம் குறையும். அப்படியும் பெரிய சிப்புகளில் இந்தச் சங்கிலி இல்லாமல் இருப்பது அபூர்வம். குறையுள்ள சிப், கருவிக்குள் பொருத்தப்பட்டபின் அகப்பட்டால் ஆகும் செலவு அதைவிட எத்தனையோ மடங்கு!

இன்னொரு தொல்லையும் உண்டு. சோதனைக்காரர் நுழையும் வழியில் திருடனும் நுழையலாம். உள்ளே இருக்கும் ரகசிய எண்ணை உருவிவிடலாம். அதனால் பாங்கி அட்டைகளுக்கான சிப்புகளில், சோதனை முடிந்ததும் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள்.